பதினேழாம் பிராயத்தில் ஒரு பெயர்மாற்றம்: குமரப் பருவ மனவளர்ச்சி குறித்து ஓர் ஆராய்ச்சி

விடலை என்னும் சொல் பழந்தமிழில் பாலை நிலத்துத் தலைவனுக்கும் வீரத்திற் சிறந்த இளைஞனுக்கும் உரியதாக விளங்கி, இன்று தெருமுனையில் காரியமின்றி நிற்கும் பையனைக் கடிந்துரைப்பதற்கன்றி வேறொன்றுக்கும் பயன்படாத சொல்லாகத் தாழ்ந்திருக்கிறது. சொற்கள் ஏறுவதும் இறங்குவதும் மொழிக்கு இயல்பே என்று இதனைத் தள்ளிவிடலாம். ஆயினும் ஒரு பிராயத்துக்குரிய பெயரே வசைச்சொல்லாகிவிடும்போது, அப்பிராயத்தினரைப்பற்றிச் சமூகம் கொண்டுள்ள அபிப்பிராயமும் உடன் இறங்கியிருக்கிறது என்று ஊகிப்பதில் தவறில்லை. 13 வயதுக்கும் 19 வயதுக்கும் இடைப்பட்ட மகனையோ மகளையோபற்றிப் பெற்றோர் பேசுங்கால் அவர்தம் குரலில் ஓர் அச்சமும், ஆசிரியர் பேசுங்கால் ஓர் அலுப்பும் தொனிப்பதை நாம் அன்றாடம் கேட்கிறோம். கோபம், மௌனம், கதவைச் சாத்திக்கொள்ளுதல், தோழர் சொல்லே வேதம் என்னும் பிடிவாதம் ஆகிய இவையெல்லாம் அந்த வயதின் சுபாவம் என்றும், அம்மை கண்டவன் தலைக்குத் தண்ணீர் விடும் நாளை எண்ணிக் காத்திருப்பதுபோல் இதனையும் காத்திருந்து கழிப்பதன்றி வேறு மார்க்கமில்லை என்றும் நம்மவர் முடிவுகட்டியிருக்கின்றனர்.

இம்முடிவுக்குச் சாஸ்திர அங்கீகாரம் அளித்தவர் அமெரிக்க மனோதத்துவ அறிஞர் ஸ்டான்லி ஹால். 1904-இல் இரு பெருந்தொகுதிகளாக அவர் வெளியிட்ட நூல் குமரப் பருவத்தைப் புயலும் கொந்தளிப்பும் நிறைந்த காலமென வருணித்தது. மனித இனம் காட்டு நிலையிலிருந்து நாகரிக நிலைக்கு ஏறிவந்த பாதையை ஒவ்வொரு குழந்தையும் தன் வளர்ச்சியில் மீண்டும் நடந்து காட்டுகிறது என்பது அவர் கொண்டிருந்த கொள்கை. குமரப் பருவம் அப்பாதையில் ஒரு கொந்தளிப்பான கட்டம். அக்கொள்கையை உயிரியலார் என்றோ கைவிட்டனர்; அதன்மேல் அவர் கிளப்பிய புயல் மட்டும் ஓயவில்லை. 1925-இல், தமக்கு 23 வயது நிரம்பிய நிலையில், ஸமோவாத் தீவுக்கூட்டத்தின் தாவூ என்னும் சிறுதீவுக்குச் சென்ற மார்கரெட் மீட், அங்குள்ள கன்னியரிடம் அப்புயலைத் தாம் காணவில்லையென்று 1928-இல் எழுதினார். 1983-இல் டெரிக் ஃப்ரீமன் அக்கூற்றை முற்றிலும் மறுத்து ஒரு நூல் செய்தார். அவ்வழக்கில் பிறகும் பலர் வாதிட்டிருக்கின்றனர். அன்னா ஃப்ராய்டோ 1958-இல் ஒருபடி மேலே சென்று, அந்த வயதில் மனம் குலையாது நிலைத்திருப்பதே இயல்புக்கு மாறானது என்னும் கருத்துப்பட எழுதினார். மருத்துவரை நாடி வந்தோரை வைத்துப் பொதுமக்களை அளக்கலாகாது என்பதுபோல, சிகாகோ நகரப் புறத்துச் சாதாரண மாணவர்களைப் பல்லாண்டு தொடர்ந்து கண்ட டேனியல் ஆஃபர், அவர்களுட் பெரும்பாலோர் அத்தகைய கொந்தளிப்பு எதுவுமின்றியே வளர்ந்ததை 1969-இல் எடுத்துக்காட்டினார்.

புயல் உண்டா, இல்லையா என்னும் இவ்விவாதத்தில் இருசாராரும் கேளாது விட்ட வினா ஒன்று உண்டென்பது என் துணிபு. பிள்ளைப் பிராயத்தில் ஒருவன் தாய் தந்தையர் கண்ணில் யாரோ அவனாகவே இருக்கிறான். முதிர்ந்தபின் ஊரார் கண்ணில் அவன் யாரோ அவனாக இருக்கிறான். இடைப்பட்ட ஆறேழு ஆண்டுகளில் அவன் யார் கண்ணெதிரில் நின்று வளர்கிறான் என்பதே அவ்வினா. பெற்றோரைவிட்டு மனத்தாற் பிரிதலே குமரப் பருவத்தின் முதற்பணி என்று மேனாட்டு மனோதத்துவம் நீண்டகாலம் கூறிவந்தது. அதனை நான் மறுக்கவில்லை; ஆனால் பிரிதல் என்பது ஒரு பாதியே. தானாகத் தேர்ந்த ஒரு முதியவரிடம் சென்று சேர்தல் மற்றொரு பாதி. சேருமிடம் வாய்த்தவனுக்குப் பிரிவு சண்டையாவதில்லை. வாய்க்காதவனுக்குத்தான் பிரிவு புயலாகிறது. இதனை நிறுவுதற்கு நமக்கு மிக நெருங்கிய ஒரு சான்றையே எடுத்துக்கொள்கிறேன். அது உத்தமதானபுரத்து வேங்கடசுப்பையரின் குமாரர் 1871-ஆம் ஆண்டில், தமது பதினேழாம் பிராயத்தில், மாயூரத்தில் தமிழ்ப் புலவர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணவராகச் சேர்ந்த வரலாறு.

அக்குமாரராகிய உ. வே. சாமிநாதையரின் சுயசரிதமான 'என் சரித்திரம்' 1940-ஆம் ஆண்டுத் தொடக்கத்திலிருந்து ஆனந்த விகடனில் வந்தது, 1942 ஏப்ரலில் ஆசிரியர் காலமானமையால் முற்றுப்பெறாது நின்றது, 1950-இல் நூலாயிற்று. 85 வயது முதியவர் 17 வயதுப் பையனைப்பற்றி எழுதியதனை அப்பையனின் மனத்துக்குச் சாட்சியமாகக் கொள்வது எங்ஙனம் என்று கேட்போர் கேட்கலாம். முதியோரின் நினைவில் பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடைப்பட்ட நிகழ்ச்சிகளே மிகுதியும் செறிந்து நிற்கின்றன என்பதனை நினைவாற்றலை ஆராய்வோர் பலமுறை கண்டிருக்கின்றனர் என்பது ஒரு விடை. அதனினும் வலிய விடை அந்நூலினுள்ளேயே இருக்கிறது. தம் பெருமைக்கு உதவாத சிறு நாணங்களையும், ஏமாற்றங்களையும், ஒரு பையனுக்கே தோன்றக்கூடிய சிறு தந்திரங்களையும் அம்முதியவர் மறையாது எழுதியிருக்கிறார். மறதியால் மெருகேறிய கதைகளில் இத்தகையவை தங்குவதில்லை.

அத்தந்திரங்களுள் ஒன்றனைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். பிள்ளையவர்களிடம் சேர்ந்துவிட்டோம் என்ற பூரிப்போடு மாயூரத்தில் தங்கிய மாணவனுக்கு முதலிற் கிடைத்தது ஏமாற்றமே. ஆசிரியரோடு உடனுறைந்து பயின்ற சவேரிநாத பிள்ளை என்னும் கிறிஸ்தவ மாணாக்கரிடம் பாடங்கேட்குமாறு அவன் பணிக்கப்பட்டான். சவேரிநாத பிள்ளை அன்புள்ளவர், பாடஞ்சொல்வதில் குறையொன்றுமில்லை, ஆயினும் சமுத்திரத்தைத் தேடி வந்தவனுக்கு வாய்க்காலில் நீராடச் சொன்னதுபோல் இருந்தது. நேரிற் சென்று கேட்க நாணமும் அச்சமும் தடுத்தன. இத்தகைய நிலையில் இக்காலத்துப் பையன் ஒருவன் என்ன செய்வான் என்பதை வாசகர்கள் தத்தம் இல்லங்களை நினைத்து ஊகித்துக்கொள்ளலாம். அவனோ ஆசிரியரைக் கவனிக்கத் தொடங்கினான். அப்போது பிள்ளையவர்கள் தாம் புதிதாக வாங்கிய வீட்டின் புறத்தில் மரங்கள் வைத்திருந்தார். அவை வேர்பிடித்துத் தளிர்ப்பதைக் காண்பதில் அவருக்கு அளவற்ற ஆவல். விடியற்காலையில் எழுந்ததும் முதற்காரியமாக மரத்துக்கு மரம் சென்று புதுத்தளிர் விட்டிருக்கிறதாவென்று பார்ப்பார். இதனை அறிந்துகொண்ட மாணவன் மறுநாள் அவருக்கு முன்னதாகவே எழுந்து, இருள் பிரியும் வேளையில் ஒவ்வொரு மரமாக ஆராய்ந்து, எங்கெங்கே தளிர் அரும்பியிருக்கிறதென்று குறித்துவைத்துக்கொண்டு, ஆசிரியர் வந்ததும் ஒவ்வொன்றாகச் சுட்டிக்காட்டினான். ஆசிரியர் மகிழ்ந்தார். அடுத்த நாளும் அவ்வாறே. சில நாட்களில் அவரே அவனைத் தேடிக் கேட்கலானார். அப்பேச்சினிடையே தன் உள்ளக்கிடக்கையை மெல்ல வெளியிடுவதற்கு அவனுக்கு வாய்ப்புக் கிடைத்தது. அதன்பின் அவரே பாடஞ்சொல்ல இசைந்தார்.

இந்நிகழ்ச்சியை ஆசிரிய பக்திக்கு உதாரணமாகப் பலர் எடுத்துக்கூறக் கேட்டிருக்கிறேன். பக்தி இருந்தது உண்மையே. ஆனால் மனோதத்துவ நோக்கில் இதனுள் நிகழ்ந்தது பக்தியைக் காட்டிலும் நுட்பமானது. குழந்தை தனக்கு வேண்டியதனை அழுது பெறும். அதற்குப் பிறர் மனம் எவ்வாறிருக்கிறது என்னும் சிந்தனை தேவையில்லை. இங்கே ஒரு பையன் தன் வேட்கையைச் சிலநாள் அடக்கிவைத்து, பிறரொருவர் எதனை விரும்புகிறார் என்று உற்றறிந்து, அவ்விருப்பத்தின் வழியே தன் விருப்பத்தைக் கொண்டுசெல்லக் கற்றுக்கொள்கிறான். வேட்கையை அடக்குதல், பிறர் நெஞ்சை அறிதல், தக்க காலம் பார்த்தல் ஆகிய மூன்றும் ஒருங்கே கூடுவதனையே சமூக வளர்ச்சி என்றும் உணர்ச்சி வளர்ச்சி என்றும் இக்காலத்தார் பிரித்துப் பேசுகின்றனர். மாயூரத்துப் புழைக்கடையில் அவை இரண்டல்ல. இதில் சிறிது சுயநலம் கலந்திருந்ததென்பதையும் மறைக்க வேண்டுவதில்லை. தளிர்மேல் அவனுக்கு முதலில் ஆசையில்லை, பாடத்தின்மேலேயே ஆசை. ஆயினும் பார்க்கப் பார்க்கத் தளிரும் அவனுக்கு இனிதாயிருக்கும் என்றே எண்ணுகிறேன். பாவனையாகத் தொடங்கிய சிரத்தை மெய்யான சிரத்தையாக முதிர்வது அந்த வயதின் அழகுகளில் ஒன்று.

இனி, பெயரைப்பற்றிச் சொல்ல வேண்டும். மாணவனுக்கு வழங்கிய பெயர் வேங்கடராமன். பிள்ளையவர்கள் ஒருநாள், வீட்டில் வேறு பெயரிட்டு அழைப்பதுண்டோ என்று வினவினார். சாமிநாதன் என்பது சுவாமிமலைக் கடவுளின் பெயராக வீட்டில் வழங்கியது. அதனையே குறுக்கிச் சாமா என்று அழைப்பர். அப்பெயர் தமக்கு உவப்பாயிருக்கிறதென்று ஆசிரியர் கூற, அன்று முதல் மாணவன் சாமிநாதனானான். தமிழுலகம் அறிந்த பெயரும் அதுவேயாயிற்று.

இதனைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எரிக் எரிக்ஸனின் நினைவு வராமற் போவதில்லை. குமரப் பருவத்தின் நடுநாயகமான பிரச்சினை தான் இன்னான் என்று உறுதிகொள்வதே என்று 1950-இல் வெளியிட்ட நூலிலும் பின்னர் 1968-இல் வெளியிட்ட நூலிலும் விரித்துரைத்த அப்பேரறிஞர், தாமே தம் தந்தை யாரென்று அறியாதவர். 1902-இல் ஜெர்மனியில் பிறந்து, யூத மருத்துவராகிய மாற்றாந் தந்தையின் ஹோம்பர்கர் என்னும் குலப்பெயரோடு வளர்ந்தார். யூதர் கோயிலில் அவருடைய பொன்னிற முடியைக் கண்டு பிள்ளைகள் அந்நியன் என்றனர், பள்ளிக்கூடத்தில் யூதன் என்றனர். ஓவியனாகச் சிலகாலம் ஊர்ஊராகத் திரிந்து, வியன்னாவில் அன்னா ஃப்ராய்டைச் சார்ந்தவர் நடத்திய சிறுபள்ளியில் 1927-இல் ஆசிரியராகி, 1933-இல் அமெரிக்கா சென்று, 1939-இல் அந்நாட்டுப் பிரஜையானபோது எரிக்ஸன் என்று தமக்குத் தாமே பெயரிட்டுக்கொண்டார். எரிக் என்பானின் மகன் என்பது அதன் பொருள். தமக்குத் தாமே தந்தையானார் என்று அதனை உரைப்பாரும் உளர். 37 வயதில், ஒரு கடல் கடந்து, அவர் தனியராய் நின்று செய்துகொண்ட காரியம், நம் மாணவனுக்கு 17 வயதில், திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒருவரின் ஒரு கேள்வியால் நிறைவேறிற்று.

அக்கேள்வியின் நுட்பத்தை மேலும் ஒருகணம் நோக்க வேண்டும். பிள்ளையவர்கள் நினைத்திருந்தால் தாமே ஒரு புதுப்பெயரைச் சூட்டியிருக்கலாம். மடங்களில் அது வழக்கமே. அவர் அவ்வாறு செய்யவில்லை. வீட்டில் என்ன பெயர் என்று கேட்டார். தாயும் பாட்டியும் அடுக்களையிலிருந்து கூவியழைத்த பெயரை வெளியே எடுத்து, அதனையே புலமையுலகிற்குரிய பெயராக ஆக்கினார். ஆகவே மாணவன் வீட்டைத் துறந்து புதியவனாகவில்லை, பழையவனாகவே நின்றுவிடவும் இல்லை. வீட்டில் இருந்ததே வெளியில் மற்றொருவர் வாயால் மதிப்புப் பெற்றது. தான் இன்னான் என்னும் உறுதி தனியொருவன் தன் நெஞ்சினுள் அகழ்ந்தெடுக்கும் புதையலன்று, பிறரால் மேலே திணிக்கப்படும் சட்டையுமன்று. உள்ளே இருப்பதனைப் புறத்தொருவர் கேட்டறிந்து ஏற்கும்போதே அது பிறக்கிறது. எரிக்ஸன் இதனை அறியாதவரல்லர். இளமைக்குரிய பண்பு பற்றுறுதி என்றும், நம்பி ஒப்படைத்துக்கொள்ளத்தக்க மனிதரையோ கொள்கையையோ இளைஞன் தேடுகிறான் என்றும் அவரே எழுதினார். ஆனால் அவருடைய சொந்த வாழ்க்கை அளித்த உதாரணம் தனிமையாதலின், படிப்போர் மனத்தில் தனிமையே ஓங்கி நின்றுவிட்டது.

என் சொந்த அனுபவத்தில் ஒன்றைக் கூறி மேற்செல்கிறேன். மேனிலைப் பள்ளி ஒன்றில் பல ஆண்டுகள் ஆசிரியனாக இருந்தேன். வருகைப் பதிவேட்டை எடுத்து எண்ணைக் கூப்பிட்டால் உள்ளேன் ஐயா என்று விடைவரும். ஐம்பது மாணவருக்கு மேற்பட்ட வகுப்பில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பாடத்துக்குப் பொழுது மிஞ்சாது. பன்னிரண்டாம் வகுப்பின் கடைசி நாளில் ஒரு மாணவனை அழைத்துப்போக அவன் பாட்டி வந்து, வாசலில் நின்று, நான் அதுவரை கேட்டறியாத ஒரு செல்லப்பெயரைச் சொல்லி விளித்தார். இரண்டு வருஷம் நான் முப்பத்தேழு என்று அழைத்த பையன் அப்பெயருக்குத் திரும்பிய வேகத்தைக் கண்டு எனக்கு உண்டான நாணம் இன்னும் முற்றிலும் தீரவில்லை.

தந்தையைப்பற்றிக் கூறாவிடில் இச்சான்று ஒருபக்கச் சார்பாகிவிடும். வேங்கடசுப்பையர் சங்கீதத்தால் ஜீவித்தவர். மகனும் சங்கீதத்தில் தேர வேண்டுமென்பது அவருடைய நெடுநாளைய ஆசை. மகனுக்கோ தமிழ்ப் பித்து. இக்காலத்து இல்லங்களில் இது ஒன்றே போதும், பல மாத மௌனத்திற்கு. அவரோ மகனுக்குத் தமிழ் சொல்லித்தருவோர் இருக்கும் ஊர்களை நாடித் தம் குடித்தனத்தையே பெயர்த்துக்கொண்டு திரிந்தார்: அரியிலூரில் சடகோபையங்கார், கார்குடியில் கஸ்தூரி ஐயங்கார், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியார் என்று அப்பெயர்களை அடுக்கும்போது, ஒரு பையனின் படிப்புக்காக ஒரு குடும்பம் நடந்த வழியே நம் கண்முன் விரிகிறது. சென்ற ஊரில் இராமாயணப் பிரசங்கம் செய்து கிடைத்ததைக்கொண்டு காலங்கழித்தார். பின்னர் மாயூரத்துக்கு மகனைத் தாமே அழைத்துச் சென்றவரும் அவரே. மாணாக்கர் பலர் வந்து சிலநாள் இருந்துவிட்டுப் போய்விடுவதனால் தயங்கிய பிள்ளையவர்களுக்கு உறுதி கூறி மகனை ஒப்படைத்தார். பிரிவு என்பது மகன் தந்தையிடமிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடுவதாகவே இருக்க வேண்டுமென்பதில்லை. தந்தையே கைபிடித்து அழைத்துச் சென்று மற்றொருவர் வாசலில் விட்டுவருவதாகவும் இருக்கலாம்.

ஆயினும் முற்றிலும் உரசலில்லையென்று கூறவியலாது. மாயூரத்தில் இருக்கும்போதே கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் சங்கீதம் கற்க வேண்டுமென்று தந்தை ஏற்பாடு செய்திருந்தார். நந்தன் சரித்திரக் கீர்த்தனை இயற்றிய அம்மகானிடம் பயிலும் பேறு யாருக்கு வாய்க்கும்! சங்கீதப் பயிற்சி இலக்கியத்துக்கு இடையூறு என்பது பிள்ளையவர்களின் அபிப்பிராயம். அதனை அறிந்த மாணவன் சங்கீதத்தை நிறுத்திவிட்டான். தந்தையின் ஆசை ஒருபுறம், ஆசிரியரின் சொல் ஒருபுறம். குமரப் பருவத்தின் வழக்கமான போர்க்களம் இதுவே. அவன் இருவரையும் எதிர்க்காமல் ஒருவரைத் தேர்ந்தான். இழப்பும் இருந்தது, பாரதியார் அதனை அறிந்து வருந்தினார். தேர்தல் என்று ஒன்று இருந்தால் இழப்பு என்று ஒன்று இருந்தே தீரும். இழப்பை ஏற்கும் வலிமை அவனுக்கு எங்கிருந்து வந்ததென்றால், ஒரு பக்கத்தில் அவனை முழுவதும் ஏற்ற ஒருவர் இருந்ததனால் வந்தது.

அதே காலத்தில் அதே பிராயத்தில் அத்தகையவர் வாய்க்காத ஒருவரையும் உடன்வைத்துக் காணலாம். மோகன்தாஸ் காந்தி 1869-இல் பிறந்தவர். 13 வயதில் விவாகமானவர். முதியவர் எவரிடமும் மனம் திறக்காமல், தம்மினும் மூத்த தோழன் ஒருவனின் வயப்பட்டு, மறைவில் புலால் உண்டார். தமையனின் கடனைத் தீர்ப்பதற்காக அவர் கைக்காப்பிலிருந்து சிறிது பொன்னை வெட்டியெடுத்தார். 15 வயதில் அப்பாரம் தாளாமல், நேரே சொல்ல நாவெழாமல், ஒரு காகிதத்தில் எழுதி நோயுற்றுப் படுத்திருந்த தந்தையின் கையிற் கொடுத்தார். தந்தை எழுந்து உட்கார்ந்து படித்தார். கண்ணீர் காகிதத்தை நனைத்தது. அதனைக் கிழித்தெறிந்துவிட்டு மீண்டும் படுத்துக்கொண்டார். அத்தந்தையின் பெருமையை வியக்காதவர் இல்லை; 1969-இல் காந்தியடிகளைப்பற்றிப் பெருநூல் எழுதிய எரிக்ஸனும் அவருடைய இளமையைத் துருவி ஆராய்ந்தார். ஆனால் அச்சிறுவன் அதுவரை எத்தனை இரவு அந்த ரகசியத்தோடு உறங்காது கிடந்தான் என்பதே என் கவலை. அவனுக்கும் ஒரு புயல் வீசியது. கண்ட முதியவர் இல்லாமையால் அது உள்ளேயே வீசியது.

சமவயதுத் தோழரின் வலிமையை இக்காலத்து ஆய்வுகளும் ஐயத்துக்கிடமின்றிக் காட்டுகின்றன. 2005-இல் கார்ட்னரும் ஸ்டைன்பர்க்கும், 13 முதல் 16, 18 முதல் 22, 24-க்கு மேல் என்னும் மூன்று வயதுக் குழுவினராகிய 306 பேரைக் கணிப்பொறியில் வண்டியோட்டும் விளையாட்டில் ஈடுபடுத்தினர். தனியே ஆடியபோது பெரிய வேற்றுமையில்லை. ஒத்த வயதினர் இருவர் பக்கத்தில் நின்று பார்த்தபோது இளையோர் மிகுதியாகத் துணிந்து அபாயத்தை மேற்கொண்டனர், மூத்தோரிடம் அம்மாற்றம் மிகக் குறைவு. ஆசையையும் ஆர்வத்தையும் எழுப்பும் மூளைப்பகுதி முன்னரே விழித்துக்கொள்ள, அடக்கியாளும் முன்மூளை இருபது வயதுக்குப் பிறகும் முதிர்ந்துகொண்டே இருப்பதால் இவ்வாறாகிறது என்பர். நல்லது, ஆனால் இச்சோதனையை நான் வேறு விதமாகவும் வாசிக்கிறேன். பார்க்கும் கண்ணுக்கேற்ப அந்த வயது மாறுகிறது என்பதே அதன் சாரம். பார்ப்பவன் தன்னையொத்த பையனாயின் வண்டி வேகமாக ஓடும். ஒரு முதியவர் பார்த்தால் என்ன ஆகும் என்று மீண்டும் சோதிப்பதற்குமுன், பிறந்த ஆண்டைக்கொண்டு பிள்ளைகளை அறை அறையாகப் பிரித்து அடைத்துவைத்திருக்கும் பள்ளிமுறையை நாம் நினைத்துப்பார்க்க வேண்டும். ஒத்த வயதினரிடையே மட்டும் நாள் முழுவதும் வாழ்வது மனித சரித்திரத்தில் மிகப் புதிய ஏற்பாடு. அதன் விளைவை இயற்கையின்மேல் ஏற்றுவது நியாயமன்று.

மாணவன் சாமிநாதன் பெற்றது அவனுக்கு மட்டும் வாய்த்த அதிருஷ்டமென்றால் என் வாதம் வலியிழக்கும். ஹவாயித் தீவுகளில் ஒன்றான கவாயியில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னரும் ரூத் ஸ்மித்தும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தனர். வறுமை, குடும்பச் சச்சரவு, பெற்றோரின் நோய் முதலிய பல துன்பங்கள் ஒருங்கே சூழப் பிறந்தவர்களுள்ளும் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் நல்ல முறையில் வளர்ந்து பிறர்க்கும் பயன்பட்டனர். அவர்களை மற்றவரிடமிருந்து வேறுபடுத்திய காரணங்களுள், பாட்டன் பாட்டியோ, அயலாரோ, ஆசிரியரோ, பெற்றோரல்லாத முதியவர் ஒருவரின் உறுதியான பற்று முக்கியமானது. கவாயித் தீவுக்கும் காவிரிக்கரைக்கும் எவ்விதத் தொடர்புமில்லை. ஆதலினாலேயே இச்சான்றுக்கு மதிப்பு மிகுதி.

இவ்வளவும் ஆண்மக்களைப்பற்றியதே என்னும் ஆட்சேபத்துக்கு என்னிடம் முழுவிடையில்லை. சாமிநாதனுக்கு 1868-இல், பதினான்காம் பிராயத்தில், மதுராம்பிகையோடு விவாகம் நடந்தது. அப்பெண்ணின் குமரப் பருவம் எவ்வாறு கழிந்ததென்று நமக்கு எழுதிவைத்தவர் இல்லை. கணவர் மாயூரத்தில் தளிர் பார்த்துக்கொண்டிருந்த விடியற்காலையில் அவர் எங்கே நின்று எதனைப் பார்த்துக்கொண்டிருந்தார்? உலா நூல்கள் பெண்ணின் பிராயத்தைப் பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழாக வகுத்து, மடந்தைக்கு 14 முதல் 19 வரை என்று எல்லையும் கட்டின. ஆனால் அவ்வகுப்பெல்லாம் வீதியிற் செல்லும் தலைவனைக் கண்டு மயங்குதற்கேயன்றி, அப்பெண் தன்னைத் தான் அறிதற்கன்று. பூப்பு என்பது ஆண்மகனுக்குத் திறக்கும் வாயிலைப் பெண்மகளுக்குச் சாத்துவதாயிருந்தது. முத்துலட்சுமி ரெட்டியாரும் பூப்பெய்தியபின் பள்ளியைவிட்டு வீட்டிலிருந்தே படிக்க நேர்ந்தது. புதுக்கோட்டை மன்னர் இசைந்தமையாலேயே அங்குள்ள கல்லூரியில் ஆண்களிடையே ஒரே பெண்ணாகச் சேர முடிந்தது. 1912-இல் வைத்தியப் பட்டம் பெற்றார். அங்கும் தந்தையும் மன்னருமாகப் புறத்தே நின்று கதவைத் திறந்தவர் இருந்தனர் என்று என் வாதத்துக்கு அதனைத் துணைகொள்ளலாம். ஆனால் திறக்கப்படாத ஆயிரம் கதவுகளுக்கு அது விடையாகாது. 1929-இல் சாரதா சட்டம் பெண்ணின் விவாக வயதை 14 ஆக்கியதும், 1978-இல் அது 18 ஆக உயர்ந்ததும், நம் நாட்டுப் பெண்களுக்குக் குமரப் பருவம் என்னும் ஒன்றனையே சட்டத்தால் உண்டாக்கிய நிகழ்ச்சிகள் என்று நான் கருதுகிறேன். எரிக்ஸன் அப்பருவத்தைச் சமூகம் இளைஞனுக்கு அளிக்கும் தவணை என்றார். தவணை யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதும் மனோதத்துவ சாஸ்திரத்தின் பகுதியாக வேண்டும்.

சாதியைப்பற்றிய ஆட்சேபமும் உண்டு. வேளாளராகிய ஆசிரியர் வீட்டில் அந்தண மாணவன் உண்ணலாகாது; அவனுடைய ஆகாரத்துக்கு வேறிடம் பார்க்க வேண்டியிருந்தது; அம்மாணவனுக்குப் பாடஞ்சொன்னவர் ஒரு கிறிஸ்தவர். சோற்றில் இருந்த வேலி சொல்லில் இல்லை என்று இதனைப் புகழ்வோர் உண்டு. அத்திண்ணைவரை வந்து சேரவே உரிமையில்லாதிருந்தவர் எத்தனைபேர் என்று கேட்டால் அப்புகழ்ச்சி அடங்கிவிடும்.

எஞ்சியது ஓர் ஆட்சேபம். எல்லாவற்றினும் வலியதும் அதுவே. ஒரு பெரியவரை இவ்வளவு சார்ந்து வளர்ந்தவன் என்றும் சார்ந்தவனாகவே நின்றுவிட மாட்டானா, அவர் கண்ணெதிரில் மட்டும் நிற்கத் தெரிந்தவன் அவர் மறைந்தபின் என்னாவான் என்பது அது. பிள்ளையவர்கள் 1876 பிப்ரவரி முதல் தேதியன்று திருவாவடுதுறையில் காலமானார். சவேரிநாத பிள்ளை அவரைத் தாங்கிக்கொண்டிருக்க, சாமிநாதன் பக்கத்திலிருந்து திருவாசகம் படித்துக்கொண்டிருந்தான். 21 வயது நிரம்ப இன்னும் சில நாட்கள் இருந்தன. அவனுடைய துயரம் பெரிது. ஆயினும் அவன் குலைந்துபோகவில்லை. ஆதீனத் தலைவராகிய சுப்பிரமணிய தேசிகரிடம் பாடங்கேட்டான். அங்கிருந்த பிற மாணாக்கருக்குத் தானே பாடஞ்சொன்னான். ஒருவரிடம் கற்ற பற்றுறுதியை மற்றொருவரிடம் செலுத்தவும், பிறர் தன்னிடம் செலுத்தும்போது ஏற்கவும் அவனால் இயன்றது. 1880-இல், பிள்ளையவர்களின் மற்றொரு மாணாக்கராகிய தியாகராச செட்டியார் கும்பகோணம் கல்லூரியில் தாம் வகித்த தமிழாசிரியர் ஸ்தானத்துக்கு அவரையே தேர்ந்து அழைத்துச் சென்றார். அக்கல்லூரியில் முதல்நாள் அவர் எதிரே பெஞ்சுகளில் வந்து உட்கார்ந்தவர்களுட் பலர் 17, 18 வயதினர்.